உடல்வாகும் மரபணுவும்: உடற்பருமன் மரபியலின் வரலாறு (1923–2019)

ஆய்வுச் சுருக்கம்

உடல் எடையில் மரபணு மாறுபாடுகளுக்கு உள்ள பங்கு குறித்த ஆய்வு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உடையது. பார் ஹார்பர் சுண்டெலிகள், டென்மார்க்கின் தத்துப்பிள்ளைகள், லெப்டின், எஃப்.டி.ஓ. ஆகியவற்றின் வழி அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. உடற்பருமனுக்குப் பொறுப்பு யாருடையது என்னும் வினா இவ்வாய்வுகள் ஒவ்வொன்றினுள்ளும் தொழிற்பட்டது என்பதும், மரபணுவின் விளைவு காலத்தையும் சூழலையும் சார்ந்து வேறுபடும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: உடற்பருமன், மரபணு மாறுபாடு, லெப்டின், எஃப்.டி.ஓ., உடல் நிறைக் குறியெண், அறிவியல் வரலாறு.

முன்னுரை

தமிழில் ‘கொழுப்பு’ என்னும் சொல் உடலிலுள்ள ஒரு பொருளையும் மனத்தின் ஒரு குற்றத்தையும் ஒருங்கே குறிக்கிறது. ‘அவனுக்குக் கொழுப்பு அதிகம்’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் குருதிப் பரிசோதனை அறிக்கையை நினைப்பதில்லை. ‘தின்று கொழுத்தவன்’ என்பதும் எடையைப் பற்றிய கூற்றன்று. அதே மொழியில் ‘உடல்வாகு’ என்ற சொல்லும் வழங்குகிறது. ‘அது அவர்கள் உடல்வாகு’ என்னும்போது பொறுப்பு ஆளை விட்டு நீங்கிப் பிறப்பிடமும் குடும்பத்திடமும் சென்று சேர்கிறது. பருத்த உடலைக் குற்றமாகக் காண்பதா, வாகாகக் காண்பதா என்னும் இந்த இரட்டைப் பார்வை தமிழுக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டில் மருத்துவர்களும் மரபியலாளரும் இதே இரண்டு நிலைகளுக்கும் இடையில் மாறி மாறி நின்றனர்.

லெப்டின் கண்டறியப்பட்ட 1994ஆம் ஆண்டை ஒரு விடிவாகவும், அதற்கு முந்தையதை இருளாகவும் எழுதும் வழக்கம் பொது அறிவியல் நூல்களில் மிகுதி. இக்கட்டுரை அவ்வழியில் செல்லவில்லை. முந்தைய காலத்திலும் சரியாகக் கண்டவர்கள் இருந்தனர். பிந்தைய காலத்திலும் மிகைப்படுத்தியவர்கள் இருந்தனர்.

உடல் அளவையும் தாயின் குற்றமும்

உடற்கட்டின் மரபுவழியை விரிவாக ஆராய்ந்த முதல் நூல்களுள் ஒன்று, 1923இல் சார்லஸ் டேவன்போர்ட் எழுதி வாஷிங்டன் கார்னகி நிறுவனம் வெளியிட்ட ‘உடற்கட்டும் அதன் மரபுவழியும்’ என்பதாகும். குடும்பங்களின் எடை, உயரம் ஆகியவற்றைத் திரட்டிய டேவன்போர்ட், உடற்கட்டை ஒற்றை மரபுக் காரணி தீர்மானிப்பதில்லை, பல காரணிகள் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். மெலிந்த பெற்றோரின் பிள்ளைகளைவிடப் பருத்த பெற்றோரின் பிள்ளைகளிடம் வேறுபாடு மிகுதியாக இருப்பதையும் அவர் குறித்தார். பல காரணிகள் என்ற அவருடைய கருத்து இன்றைய முடிவுக்கு அண்மையில் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவர் யார் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் 1910இல் தொடங்கப்பட்ட இனமேம்பாட்டுப் பதிவகத்தின் தலைவர் அவர். அப்பதிவகத்திலிருந்து கிளம்பிய வாதங்கள், 1924ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு ஆதரவாகப் பயன்பட்டன. உடலளவைத் திரட்டு மக்களைத் தரம்பிரிக்கும் கருவியாக அங்கே கருதப்பட்டது.

இனமேம்பாட்டியல் மதிப்பிழந்த பின்னர், ஊசல் மறுபக்கம் சென்றது. ஜெர்மனியிலிருந்து வெளியேறி நியூயார்க்கில் பணியாற்றிய ஹில்டே புரூக், பருத்த குழந்தைகளுக்குச் சுரப்பிக் கோளாறு என்று பெயரிட்டுவிடும் அக்கால மருத்துவ வழக்கத்தை மறுத்தார். அம்மறுப்பு நல்ல சான்றுகளின் மேல் எழுந்தது. ஆனால் கிரேஸ் டூரேனுடன் இணைந்து 1940இல் அவர் வெளியிட்ட குடும்ப ஆய்வு, காரணத்தைச் சுரப்பியிலிருந்து எடுத்துத் தாயின் கையில் வைத்தது. அன்புக்கு ஈடாக உணவை ஊட்டும் தாய், தன் அச்சத்தைக் குழந்தையின் மேல் ஏற்றும் தாய் என்ற உருவம் அங்கிருந்து மருத்துவ நூல்களுக்குள் நுழைந்தது. ஆராயப்பட்டவை பெரும்பாலும் நியூயார்க்கில் குடியேறிய எளிய குடும்பங்கள் என்பது கவனத்திற்குரியது. குடியேறியவரை முன்னர்ப் பிறப்பால் குறை கண்டனர். இப்போது வளர்ப்பால் குறை கண்டனர்.

பார் ஹார்பரின் சுண்டெலிகள்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துத் தீவொன்றிலுள்ள பார் ஹார்பரில், 1929இல் ஜாக்சன் ஆய்வகத்தை நிறுவியவர் கிளாரன்ஸ் குக் லிட்டில். ஒரே மரபமைப்புடைய சுண்டெலி வழிகளை உட்கலப்பின் மூலம் உருவாக்கும் முறையில் முன்னோடி அவர். அமெரிக்க இனமேம்பாட்டுக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். 1954 முதல் புகையிலைத் தொழில் ஆய்வுக் குழுவின் அறிவியல் இயக்குநராக அமர்ந்து, புற்றுநோய்க்குப் புகைபிடித்தல் காரணம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று வாதிட்டவரும் இதே லிட்டில்தான். புற்றுநோயில் மரபின் பங்கை வலியுறுத்தும் ஒருவர் புகையிலை நிறுவனங்களுக்கு எவ்வளவு பயன்படுவார் என்பதை விளக்க வேண்டியதில்லை. மரபணுவைக் காரணமாகக் காட்டுவது எப்போதும் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவிப்பதாகவே அமையும் என்று கொள்ள முடியாது. சில வேளைகளில் அது விற்பவரையும் விடுவிக்கிறது.

1947 அக்டோபரில் அத்தீவில் பரவிய காட்டுத்தீ ஆய்வகத்தை அழித்தது; ஏறத்தாழ எல்லாச் சுண்டெலிகளும் மடிந்தன. முன்பு இங்கிருந்து சுண்டெலிகளைப் பெற்றிருந்த பிற ஆய்வகங்கள் அவற்றின் வழித்தோன்றல்களைத் திருப்பி அனுப்பின. அவ்வாறு மீண்டெழுந்த கூடங்களில், 1949ஆம் ஆண்டு அளவுமீறிப் பருத்த சில சுண்டெலிகள் காணப்பட்டன. முதலில் சினையுற்றவை என்று கருதப்பட்ட அவற்றுள் ஆண்களும் இருந்தன. ஆன் இங்கால்ஸ், மார்கரெட் டிக்கி, ஜார்ஜ் ஸ்னெல் ஆகிய மூவரும் 1950இல் இதனை ஒரு புதிய ஒடுங்கு மரபணுத் திடீர்மாற்றமாக அறிவித்து, ஆங்கிலத்தில் பருமனைக் குறிக்கும் சொல்லின் முதலிரண்டு எழுத்துகளால் ‘ஓ.பி.’ என்று பெயரிட்டனர். (இவர்களுள் ஸ்னெல் பின்னாளில் நோபல் பரிசு பெற்றது வேறு ஆய்வுக்காக.) தாய் தந்தை இருவரிடமிருந்தும் இம்மரபணுவைப் பெற்ற சுண்டெலி, இயல்பானதைப் போல் மூன்று மடங்கு எடை வரை பெருத்தது, ஓயாது உண்டது, இனப்பெருக்கம் செய்யவில்லை.

ஒரு தாயும் ஊட்டிக் கெடுக்காத உயிரி இது. கூண்டிலுள்ள உடன்பிறப்புகளுக்கும் இதற்கும் உணவு ஒன்றே, இடம் ஒன்றே. அவ்வாறிருந்தும் மருத்துவ உலகம் இதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. சுண்டெலிக்கு வரும் அரிய நோய், மனிதரின் பெருந்தீனிக்கு விளக்கமாகாது என்பதே பரவலான எண்ணமாக இருந்தது.

1966இல் அதே ஆய்வகத்தில் இரண்டாவது மாற்றம் கண்டறியப்பட்டது. கேத்தரின் ஹம்மல், டிக்கி, டக்ளஸ் கோல்மன் ஆகியோர் அதற்கு நீரிழிவைக் குறிக்கும் ‘டி.பி.’ என்ற பெயரை இட்டனர். பருமனும் பசியும் ஓ.பி.யைப் போன்றவையே, நீரிழிவு மட்டும் கடுமையானது. இவ்விரண்டும் வெவ்வேறு குரோமோசோம்களில் அமைந்தவை. கனடாவில் பிறந்த உயிர்வேதியியலாளரான கோல்மன், நோயுற்ற விலங்கின் குருதியில் ஏதேனும் பொருள் சுற்றுகிறதா, அன்றி ஏதேனும் இல்லாமற்போயிற்றா என்று அறிய விரும்பினார். அதற்கு அவர் கையாண்ட முறை இரு விலங்குகளைப் பக்கவாட்டில் தைத்து இணைத்து, குருதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுமாறு செய்வதாகும். இங்கிலாந்தில் ஜி. ஆர். ஹார்வி 1959இல் எலிகளை இவ்வாறு இணைத்து, ஒன்றின் ஹைப்போதலாமஸைச் சிதைத்தபோது அது பருக்க, இணைந்த எலி மெலிவதைக் காட்டியிருந்தார்.

கோல்மனின் முடிவுகள் எளியவை, ஆனால் திகைக்க வைப்பவை. டி.பி. சுண்டெலியை இயல்பான ஒன்றுடன் இணைத்தபோது, இயல்பானது உண்பதை நிறுத்திப் பட்டினியால் மடிந்தது. டி.பி.யை ஓ.பி.யுடன் இணைத்தபோது, பருத்த ஓ.பி. சுண்டெலி உணவைத் துறந்து மடிந்தது, டி.பி. தொடர்ந்து பருத்தது. ஓ.பி.யை இயல்பானதுடன் இணைத்தபோது, இரண்டும் வாழ்ந்தன, ஓ.பி.யின் உணவும் எடை ஏற்றமும் குறைந்தன. இவற்றிலிருந்து அவர் பெற்ற முடிவு: நிறைவை அறிவிக்கும் ஒரு பொருள் குருதியில் உலவுகிறது. ஓ.பி. சுண்டெலியால் அதனை உண்டாக்க இயலாது. கிடைத்தால் அதற்குச் செவிசாய்க்கும். டி.பி. அதனை மிகுதியாக உண்டாக்குகிறது. ஆனால் அதற்குச் செவியில்லை. பொருளையோ அதன் ஏற்பியையோ கண்ணால் காணாமல், தையலும் தராசும் கொண்டு எட்டப்பட்ட இம்முடிவு 1973இல் வெளியானது. இந்நூற்றாண்டு வரலாற்றில் தருக்கத்தின் தூய்மையால் இதற்கு நிகரான ஆய்வு வேறில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இதே ஆண்டுகளின் மற்றொரு முடிவு போதிய கவனம் பெறவில்லை. ஓ.பி. மாற்றத்தை ஒரு சுண்டெலி வழியிலிருந்து மற்றொன்றுக்குக் கலப்பின் மூலம் மாற்றியபோது, ஒரு வழியில் மிதமாகவே இருந்த நீரிழிவு மற்றொன்றில் கடுமையானது. மரபணு அதுவே, சுற்றியுள்ள பிற மரபணுக்கள் வேறு, நோயும் வேறு. ஒரு மரபணு தனித்து நின்று ஒரு விதியை எழுதுவதில்லை என்பதைச் சுண்டெலிக் கூண்டே 1970களில் அறிவித்துவிட்டது.

தத்துப்பிள்ளைகளும் இரட்டையரும்

மனிதரிடம் பிறப்பையும் வளர்ப்பையும் பிரித்தறிய, கூண்டு இல்லை, பதிவேடு உண்டு. டென்மார்க்கின் தத்தெடுப்புப் பதிவேட்டைக் கொண்டு ஆல்பர்ட் ஸ்டன்கார்டும் அவர் குழுவினரும் 540 பேரை ஆராய்ந்து 1986இல் முடிவை வெளியிட்டனர். தத்துப்பிள்ளைகளின் எடை வகுப்பு, பெற்ற தாய் தந்தையரின் எடையோடு தெளிவாக ஒத்துச் சென்றது. வளர்த்தவர்களின் எடையோடு தொடர்பு காணப்படவில்லை. புரூக்கின் தாய் இந்த அட்டவணைகளில் எங்கும் தென்படவில்லை. ஸ்டன்கார்டு ஓர் உளமருத்துவர் என்பதும், பருமனை உளவியலால் விளக்கிய தலைமுறையோடு வளர்ந்தவர் என்பதும் இம்முடிவின் எடையைக் கூட்டுகின்றன.

1990 மே மாதம் ஒரே மருத்துவ இதழில் இரு ஆய்வுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஸ்வீடனில் பிரித்து வளர்க்கப்பட்ட ஒருகரு இரட்டையரின் உடல் நிறைக் குறியெண் ஒத்துப்போகும் அளவு, ஆண்களிடம் 0.70 ஆகவும் பெண்களிடம் 0.66 ஆகவும் இருந்தது. மற்றொன்று கியூபெக்கில் குளோட் புஷார் நடத்தியது. 12 இணை ஒருகரு இரட்டை இளைஞர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 கிலோகலோரி மிகையாக, வாரத்தில் ஆறு நாள் வீதம் 84 நாள் ஊட்டினர். மிகையுணவு எல்லார்க்கும் ஒன்றே. ஆனால் ஏறிய எடை 4.3 கிலோகிராம் முதல் 13.3 கிலோகிராம் வரை வேறுபட்டது. ஓர் இணையைச் சேர்ந்த இருவரோ பெரிதும் ஒத்த அளவே ஏறினர்.

இந்த எண்களை வாசிப்பதில் ஒரு பிழை அன்றும் நிகழ்ந்தது, இன்றும் நிகழ்கிறது. மரபுவழிப் பங்கு 70 விழுக்காடு என்றால், ஒருவருடைய எடையில் பத்தில் ஏழு பகுதியை மரபணு தருகிறது என்று பொருளன்று. ஒரு குறிப்பிட்ட மக்கள்தொகையில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் மரபு வேறுபாடு விளக்கும் பகுதியே அது. எல்லாருக்கும் உணவு ஒரேயளவில் எளிதாகக் கிடைக்கும் நாட்டில், எஞ்சும் வேறுபாடு இயல்பாகவே மரபின் கணக்கில் சேரும். சராசரி எடை நாடு முழுவதும் உயர்ந்தாலும் இப்பங்கு மாறாதிருக்கலாம். எனவே, 1980களுக்குப் பின் உலகெங்கும் பருமன் பெருகியதற்கு இந்த எண்ணில் விடை தேடுவது வீண். மூன்று பத்தாண்டுகளில் மக்களின் மரபணுக்கள் அவ்வளவு மாறுவதில்லை.

லெப்டின்: கண்டெடுப்பும் ஏமாற்றமும்

நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன், ஓ.பி. மரபணுவைக் குரோமோசோமில் அதன் இருப்பிடத்தைக் கொண்டே தேடும் பணியில் 1980களின் நடுவில் இறங்கினார். தொடக்க ஆண்டுகளில் ருடால்ஃப் லைபெல் அவருடன் இணைந்து உழைத்தார். மனித மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தப்படாத அக்காலத்தில், இது ஊர்ப்பெயர் மட்டும் தெரிந்து வீட்டைத் தேடுவதற்கு ஒப்பாகும். 1994 டிசம்பர் 1 அன்று ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது. கொழுப்புத் திசுவில் செயற்படும் அம்மரபணு, 167 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தை உருவாக்குவது. பார் ஹார்பரின் சுண்டெலியில் ஒற்றை எழுத்து மாறி, புரதம் நடுவிலேயே முறிந்திருந்தது. மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்புரதத்துக்கு லெப்டின் எனப் பெயரிட்டனர். 1995இல் அதன் ஏற்பியும் கண்டறியப்பட்டது; டி.பி. மரபணு அதுவே. 22 ஆண்டுகளுக்கு முன் கோல்மன் சொன்னது சொன்னபடி நிறைவேறியது. ஆனால் 1991லேயே அவர் ஆய்வகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். 2010இல் லாஸ்கர் விருது இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

கொழுப்புத் திசு வெறும் களஞ்சியமன்று, அது மூளையோடு பேசும் ஒரு சுரப்பி என்பது இதனால் உறுதியாயிற்று. ஆயினும் 1995இன் பரபரப்பு உடலியலைப் பற்றியதன்று. ஆம்ஜென் நிறுவனம் உரிமத்துக்கு முன்தொகையாக மட்டும் 2 கோடி டாலர் கொடுத்தது. மெலிவிக்கும் ஊசி வந்துவிட்டது என்று நாளிதழ்கள் எழுதின. அடுத்த ஆண்டே குறை வெளிப்பட்டது: பருத்த மனிதர்களின் குருதியில் லெப்டின் குறையவில்லை, மிகுந்திருந்தது. அவர்கள் ஓ.பி.யைப் போன்றவர்கள் அல்லர். 1999இல் வெளியான மருத்துவச் சோதனையில் எடைக்குறைவு மிதமாகவும் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டும் இருந்தது. லெப்டின் மிகும்போது உடல் பெரிதாக அசைவதில்லை; குறையும்போதுதான் பசி, இனப்பெருக்கம், ஆற்றல் செலவு அனைத்தும் மாறுகின்றன. பட்டினியை அறிவிக்கும் மணியைப் பருமனைத் தடுக்கும் பூட்டு என்று எண்ணியதே பிழை.

ஆனால் சிலருக்கு அந்த ஊசி உயிர்ப்பிச்சையாயிற்று. கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓ'ராஹிலி, சதாஃப் ஃபரூக்கி ஆகியோரின் குழு 1997இல் பாகிஸ்தான் வழிவந்த ஒரு குடும்பத்தின் இரு குழந்தைகளைப் பற்றி எழுதியது. இருவரும் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள். பிறந்தபோது இயல்பான எடை. எட்டு வயதில் சிறுமிக்கு 86 கிலோகிராம், இரண்டு வயதில் சிறுவனுக்கு 29 கிலோகிராம். லெப்டின் மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. உறவுக்குள் மணம்புரியும் குடும்பங்களில், இத்தகைய ஒடுங்கு மாற்றம் இரு வழியிலும் வந்து சேரும் வாய்ப்பு மிகுதி. சிறுமிக்கு நாள்தோறும் லெப்டின் ஊசி இடப்பட்டது. 12 மாதங்களில் 16.4 கிலோகிராம் குறைந்தது. அவளது பசி மற்றக் குழந்தைகளின் பசியைப் போன்றதாயிற்று. அறிவுரை ஏதும் மாறவில்லை, குடும்பம் மாறவில்லை, மன உறுதிப் பயிற்சி எதுவுமில்லை. இல்லாத ஒரு புரதம் இட்டு நிரப்பப்பட்டது, அவ்வளவே.

இத்தகையோர் மிக அரியர். ஆனால் 1998இல் கண்டறியப்பட்ட எம்.சி.4.ஆர். என்னும் ஏற்பி மரபணுவின் குறைபாடு அவ்வளவு அரியதன்று. சிறு வயதிலேயே கடும் பருமனுற்ற 500 பேரை ஆராய்ந்தபோது, 5.8 விழுக்காட்டினரிடம் அது காணப்பட்டது. அதே கேம்பிரிட்ஜ் குழுவினர், 16ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு விடுபட்ட குழந்தைகளைப் பற்றி 2010இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அக்குழந்தைகளுள் சிலர், பெற்றோர் வேண்டுமென்றே மிகையாக ஊட்டுகின்றனர் என்ற ஐயத்தின்பேரில், ஆபத்திலுள்ள குழந்தைகளின் அரசுப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தனர். முடிவு தெரிந்த பின்னர் அவர்களுடைய பெயர்கள் நீக்கப்பட்டன. 1940இல் எழுதப்பட்ட தாய், 70 ஆண்டுகளுக்குப் பின்னும் அலுவலகக் கோப்புகளில் உயிருடன் இருந்தாள்.

எஃப்.டி.ஓ.: பொதுமக்களின் மாறுபாடு

அரிய மாற்றங்கள் பொதுவான பருமனை விளக்கா. மரபணுத்தொகுதி முழுவதையும் பல்லாயிரவரிடம் ஒப்பிடும் முறை 2000களின் நடுவில் கைகூடியது. 2007இல் பிரிட்டன் குழுவொன்று நீரிழிவுக்கான மாறுபாடுகளைத் தேடியபோது, 16ஆம் குரோமோசோமில் எஃப்.டி.ஓ. என்னும் மரபணுவின் மேல் விரல் வைத்தது. எடை வேறுபாட்டைக் கழித்துக் கணக்கிட்டபோது நீரிழிவுத் தொடர்பு மறைந்தது. அதாவது மாறுபாடு முதலில் எடையைக் கூட்டுகிறது, எடை வழியே நீரிழிவு வருகிறது. 38,759 பேரில் இது உறுதிசெய்யப்பட்டது. ஐரோப்பிய வழியினருள் 16 விழுக்காட்டினர் இம்மாறுபாட்டை இரு படிகளில் உடையவர். படி ஏதும் இல்லாதவரைவிடச் சராசரியாக 3 கிலோகிராம் எடை மிகுந்தவர்.

மூன்று கிலோகிராம் என்பது பொதுமக்களின் பேச்சில் ஒன்றுமில்லை, மரபியலில் பெரிது. இதற்குப் பின் வந்தவற்றுள் பெரும்பாலானவை இதனினும் சிறியவை. 2018இல் ஏறத்தாழ 7 லட்சம் பேரின் தரவுகளில் 941 மாறுபாடுகள் கண்டறியப்பட்டன. அனைத்தும் சேர்ந்து உடல் நிறைக் குறியெண்ணின் வேறுபாட்டில் 6 விழுக்காட்டளவே விளக்கின. இரட்டையர் ஆய்வின் எண்ணுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி, இத்துறையின் நீண்ட விவாதங்களுள் ஒன்று. எஃப்.டி.ஓ.வும் எளிதில் பிடிகொடுக்கவில்லை. மாறுபாடு அமைந்திருப்பது அம்மரபணுவின் புரதம் எழுதாப் பகுதியில். 2014இலும் 2015இலும் வெளியான ஆய்வுகள், அப்பகுதி தொலைவிலுள்ள ஐ.ஆர்.எக்ஸ்.3 போன்ற அண்டை மரபணுக்களை இயக்குகிறது என்று காட்டின. விளக்கின் பொத்தான் ஒரு வீட்டில், விளக்கு அடுத்த வீட்டில்.

விளைவுக்கும் ஓர் ஆண்டு உண்டு

வரலாற்றுத்துறையினருக்கு இவ்வளவிலும் மிகப் பயன்படும் ஆய்வு 2015இல் அமெரிக்காவில் வெளியான ஒன்று. மாசசூசெட்ஸின் ஃபிரேமிங்ஹாமில் தலைமுறைகளாகப் பின்தொடரப்படும் குடும்பங்களின் தரவில், எஃப்.டி.ஓ. மாறுபாட்டின் விளைவைப் பிறந்த ஆண்டின்படி ஜேம்ஸ் நீல்ஸ் ரோசன்குவிஸ்டும் உடனாய்வாளரும் பிரித்தனர். 1942க்கு முன் பிறந்தவர்களிடம் மாறுபாட்டுக்கும் எடைக்கும் தொடர்பு காணப்படவில்லை. அதற்குப் பின் பிறந்தவர்களிடம் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. மரபணு முன்னும் இருந்தது. அதே ஊரில், அதே குடும்பங்களில் இருந்தது. போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் உணவு, ஊர்தி, உட்கார்ந்து செய்யும் வேலை ஆகியவை வந்த பின்னரே அது எடையாக வெளிப்பட்டது போலும். இதனோடு சேர்த்துக் காண வேண்டியது, 2011இல் 2,18,166 பேரின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு. உடலுழைப்பு உடையவர்களிடம் எஃப்.டி.ஓ.வின் பருமன் விளைவு 27 விழுக்காடு குறைந்திருந்தது.

‘பருமன் மரபணு’ என்ற வழக்கு இச்சான்றின் முன் நிற்காது. 1930இல் இம்மாறுபாட்டை ஆராய ஒருவரால் இயன்றிருந்தால், எடைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நேர்மையாகவே எழுதியிருப்பார். எந்தக் காலத்து மக்களிடம் அளந்தோம் என்பது, எந்த மரபணு என்பதைப் போலவே முடிவின் பகுதியாகிறது.

சிக்கன மரபணுவும் தென்னிந்தியத் தரவுகளும்

எடை ஏற்றும் மாறுபாடுகள் ஏன் நிலைத்தன என்னும் வினாவுக்கு 1962இல் ஜேம்ஸ் நீல் ஒரு விடை தந்தார். கிடைத்தபோது சேமித்துப் பஞ்சத்தில் பிழைக்க உதவிய ‘சிக்கன’ மரபமைப்பு, வளமான காலத்தில் தீங்காகிறது என்பது அது. கேட்டவுடன் மனத்தில் பதியும் கருதுகோள். அதனாலேயே சான்றைவிட வேகமாகப் பரவியது. பழங்குடியினர், தீவுவாசிகள், தெற்காசியர் என யாருடைய நோயைப் பற்றி எழுதினாலும் இதனை மேற்கோள் காட்டுவது வழக்கமாயிற்று. 2016இல் சமோவாவில் 3,072 பேரிடம் கண்டறியப்பட்ட சி.ஆர்.இ.பி.ஆர்.எஃப். மாறுபாடு, இதற்குக் கிடைத்த வலுவான சான்று என்றனர். எடையை எஃப்.டி.ஓ.வைவிட மிகுதியாக ஏற்றும் அம்மாறுபாடு, நீலின் கணிப்புக்கு மாறாக, நீரிழிவின் வாய்ப்பைக் குறைக்கிறது. நீல் நீரிழிவை விளக்கவே கருதுகோளை அமைத்தார் என்பதை நினைவிற்கொண்டால், இச்சான்று அவருக்குப் பாதிதான் உதவுகிறது.

தமிழகத்துக்கு இவ்வரலாற்றில் நேரான இடம் ஒன்று உண்டு. சென்னை நகர ஊரக நோய்ப்பரவல் ஆய்வின் தரவுகளைக் கொண்டு, வி. ராதா, வி. மோகன் ஆகியோரும் உடனாய்வாளரும் 2011இல் எஃப்.டி.ஓ. மாறுபாடுகள் தென்னிந்தியரிடம் பருமனோடும் நீரிழிவோடும் தொடர்புடையவை என்று காட்டினர். அதற்கு முன் 2009இல், புனே, மைசூர் மக்களிடம் சி. எஸ். யாஜ்னிக் குழுவினர் கண்டது இன்னும் சிந்தனைக்குரியது. ஐரோப்பியரிடம் எடையைக் கழித்தால் மறையும் நீரிழிவுத் தொடர்பு, இங்கு முழுவதும் மறையவில்லை.

இதற்கு மரபணு வேறு என்று விடை சொல்லலாம். அளவுகோல் வேறு என்றும் சொல்லலாம். 2004இல் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் ‘லான்செட்’ இதழில் தங்கள் ஒளிப்படத்தையே வெளியிட்டனர். இருவரின் உடல் நிறைக் குறியெண்ணும் 22.3. உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. அதே ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு, பன்னாட்டு வரம்புகளான 25, 30 ஆகியவற்றை மாற்றாமல், ஆசியரின் பொருட்டு 23, 27.5 என்னும் கூடுதல் வரம்புகளையும் சேர்த்தது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இவ்வாய்பாடு, பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்டலே 1830களில் சராசரி மனிதனைத் தேடியபோது பிறந்தது. 1972இல் ஆன்சல் கீஸ் அதற்கு இன்றைய பெயரை இட்டார். கொழுப்பு உடலின் எப்பகுதியில் உள்ளது என்பதை அது அறியாது.

2019இல் அமித் கேரா குழுவினர், 21 லட்சம் மாறுபாடுகளைக் கூட்டி ஒருவரின் பருமன் வாய்ப்பை மதிப்பெண்ணாக்கும் முறையை வெளியிட்டனர். உச்சப் பத்தில் ஒரு பங்கினருக்கும் அடிப் பத்தில் ஒரு பங்கினருக்கும் இடையே நடுவயதில் 13 கிலோகிராம் வேறுபாடு இருந்தது. அம்மதிப்பெண் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரின் தரவில் கட்டப்பட்டது. அதே ஆண்டுக் கணக்கொன்றின்படி, மரபணுத்தொகுதி முழுவதையும் அலசிய ஆய்வுகளில் பங்கேற்றோருள் 79 விழுக்காட்டினர் அவ்வழியினர். யாஜ்னிக்கையும் யுட்கினையும் ஒரே எண்ணாகக் காணும் குறியெண்ணின் மேல், பெரும்பாலும் யுட்கினைப் போன்றவர்களிடமிருந்து கட்டப்பட்ட மதிப்பெண் அது. சென்னையில் பிறக்கும் ஒரு குழந்தையின் குருதித் துளியை அதனால் எடைபோட்டால் வரும் எண் யாருடைய உடல்வாகைச் சொல்லும் என்பது, இங்குத் திரட்டப்படும் தரவுகளைக் கொண்டே தீர்க்கப்பட வேண்டிய வினா.